நாலாம் பக்கத்து ஏழு சிவப்பு

மைக் அண்ணன் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும். மேடையில் பேசினாலோ, ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். அப்படிப்பட்டவன் புதன்கிழமை காலை ஆறரை மணிக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து பூனை மாதிரி இறங்கி வந்தான். தங்கையின் சமையலறை வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைத்தான்.

“என்னண்ணா, தொண்டை கட்டிக்கிச்சா?” என்றாள் டீச்சர்.

“கத்தாதடி பாப்பா! உங்க அண்ணி எந்திரிச்சுடுவா.”

டீச்சருக்கு வயது நாற்பத்திரண்டு. ஒன்பதாவது ‘பி’ பிரிவின் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒற்றைப் புருவத்தால் உட்கார வைப்பவள். வீட்டுக்குள் மட்டும் இன்னும் பாப்பா.

அண்ணன் இப்படிப் பதுங்கி வரக் காரணம் ஐந்து வாரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது. பாடப்புத்தகத்தில் தேர்தல் பாடம் ஓட்டுப்பெட்டியோடு முடிந்துவிடுகிறது. டீச்சருக்கு அந்த இடத்தில்தான் அரிப்பு. ஓட்டு வாங்கிப் போனவர் சொன்னதைச் செய்தாரா என்று யார் பார்ப்பது? ‘நாம பார்ப்போம்’ என்று அவள் வகுப்பில் சொல்லி வைக்க, ஒரு பிள்ளையின் வீட்டில் தட்டு அடுக்கும் அலமாரிக்கு விரித்திருந்த தேர்தல் நோட்டீஸ் தட்டுகளை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. அதில், தேர்தலில் ஜெயித்த மெம்பரம்மா கொடுத்திருந்த வாக்குறுதிகள் முப்பத்தொன்று. வகுப்பின் பின்சுவரில் முப்பத்தொரு கட்டங்கள் முளைத்தன. முடிந்தது பச்சை, நடக்கிறது மஞ்சள், தொடவே இல்லை என்றால் சிவப்பு.

இந்தச் செய்தி ஊர் சுற்றி மெம்பரம்மாவின் காதுக்கே போய், “புதன்கிழமை பத்தரை மணிக்கு நானே வந்து பாக்கறேன்” என்று அவர் சொல்லி அனுப்பியதோடு போன வாரம் முடிந்தது. மெம்பரம்மாவின் அலுவலகச் செயலாளர் யார் என்றால், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறானே, இவன்தான். அந்த நோட்டீசை எழுதியவனும் இவன்தான்.

“நாலாம் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுடு,” என்றான்.

“எந்த நாலாம் பக்கம்?”

“நோட்டீஸோட கடைசிப் பக்கம். ஏழு வாக்குறுதி. உன் சுவத்துல ஏழும் செக்கச்செவேல்னு இருக்காமே?”

“செய்யல, செவப்பு. செஞ்சா பச்சை. இதுல கிழிக்க என்னண்ணா இருக்கு?”

அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தான்.

“செய்யாம விடல பாப்பா. சொல்லவே இல்ல. அந்தப் பக்கம் எங்களுதே இல்ல.”

“பின்ன யாருது?”

“மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எதிர்த்து நின்னாரே, அவருது.”

டீச்சர் அடுப்பை அணைத்தாள். சில விஷயங்களை அடுப்பு எரிய எரியக் கேட்கக்கூடாது.

கதை இதுதான். இரண்டு பேர் நோட்டீசும் ஒரே அச்சகத்தில் ஒரே நாளில் ஓடியது. அச்சகத்தில் நாலாம் பக்கம் இடம் மாறிவிட்டது. சரிபார்க்க வேண்டியவன் இந்த மகாராஜன். என்ன பார்த்தான்? முதல் பக்கத்தில் மெம்பரம்மாவின் படத்தில் கண்ணாடி மேல் வெளிச்சம் அடிக்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்தான். நாலாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஐயாயிரம் நோட்டீசும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த மறுநாள், டீக்கடையில் ஒருவர் கொட்டின டீயை அந்த நோட்டீசால் துடைக்கும்போதுதான், தலைகீழாகத் தெரிந்த வரியை இவன் தலையைச் சாய்த்துப் படித்தான். ‘குளத்தில் படகுச் சவாரி’. இவன் அப்படி எழுதியதாக நினைவே இல்லை. அந்தக் குளத்தில் வாத்து நீந்தாது, நடந்துதான் போகும்.

“ரெண்டு வருஷமா யாருகிட்டயும் சொல்லலயா?”

“யாரும் படிக்கல பாப்பா! ஐயாயிரம் பேர்ல ஒருத்தர்கூட வந்து கேக்கல. எதிர்க்கட்சிக்காரனே கேக்கல. தேர்தல் நோட்டீச நாலாம் பக்கம் வரைக்கும் படிக்கிற கூட்டம் ஒண்ணு உலகத்துல இருக்கும், அதுக்கு என் தங்கச்சியே டீச்சரா இருப்பான்னு நான் கனவா கண்டேன்?”

டீச்சர் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சமையல் மேடையில் சாய்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணன் சிரிக்கவில்லை.

“பதினாலு வருஷம் பாப்பா. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்த காலத்துலேர்ந்து மேடம்கிட்ட இருக்கேன். பொய் சொன்னா அவங்களுக்கு ஆகாது. போன வருஷம் ஒரு டிரைவர் பஞ்சர்னு பொய் சொன்னான்னு அன்னிக்கே அனுப்பிட்டாங்க. இன்னிக்கு அந்த ஏழு செவப்பப் பாத்தாங்கன்னா, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. அதோட நான் வீட்டுக்கு.”

“அதுக்கு நான் புள்ளைங்ககிட்டப் பொய் சொல்லணுமா?”

“பொய் வேணாம். பக்கம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு.”

“அது உண்மையா?”

“நீ கிழிச்சுட்டா உண்மை.”

அப்போது மாடிப்படியில் அண்ணி இறங்கி வந்தாள். நரம்பு டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ். எதையும் அதிகம் பேசமாட்டாள். பேச வேண்டியதை ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றி இறுக்குவது போலச் சுருக்கமாகப் பேசுவாள்.

“என்ன, அண்ணனும் தங்கச்சியும் எங்கயாவது திருடப் போறீங்களா? செருப்பு ஏன் கையில?”

“இன்னிக்கு மெம்பரம்மா எங்க ஸ்கூலுக்கு வர்றாங்க அண்ணி,” என்றாள் டீச்சர் பேச்சை மாற்ற. “சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா மேடம்னு கேக்கப்போறோம்.”

அண்ணியின் முகம் சட்டென்று இறுகியது.

“அப்படிக் கேக்காத,” என்றாள். “வேற எப்படி வேணா கேளு. அப்படி மட்டும் கேக்காத.”

ஏன் என்று கேட்பதற்குள் மாடிக்குப் போய்விட்டாள்.

*

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் வாசலிலேயே காத்திருந்தார். எட்டரை மணிக்கு அவருடைய கைக்குட்டை ஒரு தடவை நனைந்து பிழியப்பட்டிருந்தது. கக்கத்தில் சுருட்டிய பெரிய காகிதம்.

“டீச்சர், ரொம்ப நல்ல காரியம் பண்றீங்க. குடியுரிமை, ஜனநாயகம், எல்லாம் சரி. ஆனா அந்தச் செவப்பு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது. கடைசி வரிசை மட்டும். அதுமேல இத மாட்டிடுங்க.”

விரித்தாள். ‘கை கழுவுவோம், நோயை ஓட்டுவோம்.’ சோப்பு நுரைக்குள் இரண்டு கைகள். அளவெடுத்துத் தைத்தது போல ஏழு கட்டத்துக்கும் சரியாக இருக்கும்.

காலையில் அண்ணன் கேட்டதும் இதைத்தான், இப்போது இவர் கேட்பதும் இதைத்தான். ஒரு குண்டூசி போதும். அண்ணனின் பதினாலு வருஷம் தப்பிக்கும். கிழிக்கக்கூட வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். சுகாதாரத்தை யார் எதிர்ப்பார்கள்?

காகிதத்தோடு வகுப்புக்குள் நுழைந்து நேரே பின்சுவருக்குப் போனாள். முப்பத்தெட்டுத் தலைகள் கூடவே திரும்பின.

முதல் பெஞ்சிலிருந்து அளவுகோல் எழுந்தாள். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், ‘ஐந்து மீட்டர் அகலச் சாலை’ என்ற வாக்குறுதியைச் சரிபார்க்க முப்பது சென்டிமீட்டர் அளவுகோலோடு போய்க் குனிந்து குனிந்து அளந்து, நான்கு மீட்டர் எண்பத்தேழு என்று வந்து சொன்னதுதான். அன்றைக்கு அந்தச் சாலையில் ஒரு பஸ் பத்து நிமிஷம் நின்று வழிவிட்டது.

“மிஸ், அத எதுக்கு அங்க மாட்டறீங்க?”

“ஹெச்செம் மாட்டச் சொன்னார்.”

“அடியில எங்க கட்டம் இருக்கே மிஸ்.”

“இருக்கட்டுமே. கொஞ்ச நேரம்தான்.”

அளவுகோல் உட்காரவில்லை. “மொதல்ல நாங்க தெருவிளக்கு எரியலன்னு செவப்பு போட்டோம். பகல் பன்னெண்டு மணிக்குப் போய்ப் பாத்துட்டு வந்திருந்தோம். நீங்க எங்களத் திட்டினீங்க. கால்ல போகணும், கண்ணால பாக்கணும், ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும், அப்பதான் கலருன்னு சொல்லி அழிச்சு எழுத வெச்சீங்க. மாட்டிவிடறதுக்கு இல்ல, பாக்கறதுக்குன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் பதினோரு பச்சை போட்டோம் மிஸ். யாரும் எங்களப் பாராட்டக்கூட இல்ல. தப்பா போட்டப்ப அழிக்கச் சொன்னீங்க, சரி. சரியா போட்டத எதுக்கு மறைக்கணும்?”

சரியாகத்தான் போட்டார்கள். அதுதான் வேதனை. நோட்டீசின்படி சரி. நோட்டீஸே தப்பு. அதை வாய்விட்டுச் சொன்னால் அண்ணன் கதை அங்கேயே முடிந்தது. மறைத்தாலோ, ஐந்து வாரமாக வெயிலில் அலைந்த இந்த எழுபத்தாறு கால்களுக்கு அவள் கற்றுக்கொடுத்தது, ‘பெரியவர் வந்தால் சுவரை மூடு’ என்பது ஒன்றுதான்.

குண்டூசி அவள் விரலில் குத்தியது. டீச்சர் காகிதத்தைச் சுருட்டினாள். அலமாரியின் மேல் எறிந்தாள்.

“உக்காரு,” என்றாள். “கை எல்லாரும் ஏற்கெனவே கழுவியாச்சு.”

மனசுக்குள் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஒன்றல்ல, பதினாலு.

*

மெம்பரம்மா சரியாகப் பத்தரைக்கு வந்தார். அறுபத்தோரு வயது. முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியதில் ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், மீதிப் பேரை அந்தப் பாதிப் பேரிடமிருந்து காப்பாற்றியவர். இன்றைக்கும் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் அங்கே இருப்பதாக நினைப்பு. அவருக்குப் பின்னால் அண்ணன். ஐந்தரை அடி உயரக்காரன் அன்றைக்கு மூன்றடிதான் இருந்தான்.

தலைமையாசிரியர் சுவரைப் பார்த்தார். சிவப்பு அப்படியே இருந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

“யாரு எனக்கு விளக்கப்போறது?” என்றார் மெம்பரம்மா.

அளவுகோல் குச்சியோடு முன்னே வந்தாள். ஒவ்வொரு கட்டமாகக் காட்டினாள். பச்சை பதினொன்று. மெம்பரம்மா தலையாட்டினார். மஞ்சள் எட்டு. “அந்த வடிகால் வேலை அடுத்த மாசம் முடிஞ்சுடும், கான்ட்ராக்டர் கழுத்துல உக்காந்திருக்கேன்.” சிவப்பு ஐந்து. “ஆமா, அது என் தப்புதான்.” அந்த நான்கு மீட்டர் எண்பத்தேழுக்கு வாய்விட்டுச் சிரித்தார். “பதிமூணு சென்டிமீட்டர் எங்க போச்சுன்னு கேக்கறேன்மா. கேக்காம விடமாட்டேன்.”

கடைசி வரிசை வந்தது.

“சந்தை பஸ் நிறுத்தத்துல நிழலோட பெஞ்ச்,” என்றாள் அளவுகோல். “இல்ல. சந்தைக் கழிப்பறைக் கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள். இல்ல. உள்ள போனவங்க பாடிக்கிட்டே இருக்காங்க மேடம், யாரும் தள்ளிடக் கூடாதுன்னு. ஞாயித்துக்கிழமை லைப்ரரி தொறக்கறது. இல்ல. ஸ்கூல் வாசல்ல வேகத்தடை. இல்ல. வீட்டுக்கு ரெண்டு மரக்கன்னு. இல்ல. சந்தையில மணிக்கூண்டு. இல்ல. குளத்துல படகு. இல்ல.”

மெம்பரம்மா குச்சியின் நுனியையே பார்த்தார்.

கோபம் வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். டீச்சர் மட்டும் பக்கத்தில் நின்றிருந்ததால் பார்த்தாள். கோபம் இல்லை. முகம் வெளுத்துக்கொண்டிருந்தது. கை பின்னால் துழாவி ஒரு பெஞ்சைத் தேடியது. உட்கார்ந்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

“இதெல்லாம்,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இதெல்லாம் நானா சொன்னேன்?”

“உங்க நோட்டீஸ்தான் மேடம்.” அளவுகோல் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டீசை நீட்டினாள்.

மெம்பரம்மா முதல் பக்கத்தில் தன் படத்தைப் பார்த்தார். திருப்பினார். நாலாம் பக்கத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை மாதிரி இரண்டாம் தடவையும் படித்தார்.

“என் படந்தான். எனக்கு... எனக்குச் சுத்தமா ஞாபகமே இல்லியே.”

டீச்சர் அண்ணனைப் பார்த்தாள். ஒரு புருவம் உயர்ந்தது. ஒன்பதாவது ‘பி’யையே உட்கார வைக்கும் புருவம். அண்ணனை அது பேச வைக்கவில்லை. அவனைப் பேச வைத்தது மெம்பரம்மாவின் விரல். அது அந்தக் காகிதத்தின் மேல் நடுங்கியதை அவன் பதினாலு வருஷத்தில் பார்த்ததே இல்லை.

“மேடம்,” என்றான் மைக் அண்ணன். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் குரல் ஒரு அறைக்குள் அடங்கியது. “உங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம். நீங்க எதையும் மறக்கல. அது நீங்க சொன்னதே இல்ல.”

“என்ன சொன்ன?”

“நீங்க சொன்னதே இல்ல. அது கண்ணாடிக் கடைக்காரரோட பக்கம். அச்சகத்துல மாறிப்போச்சு. நான் சரியா பாக்கல. அப்புறம் தெரிஞ்சும் உங்ககிட்டச் சொல்லல. ரெண்டு வருஷமா.” கண்ணை மூடிக்கொண்டான். “தப்பு என்னுது. என்னை அனுப்பிடுங்க.”

“திரும்பச் சொல்லு.”

“என்னை அனுப்பி...”

“அது இல்லடா! மொதல்ல சொன்னது!”

“நீங்க எதையும் மறக்கல மேடம்.”

மெம்பரம்மா அந்த நோட்டீசால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகை என்று தலைமையாசிரியர் தண்ணீருக்கு ஓடினார். நோட்டீஸ் கீழே இறங்கியபோது உள்ளே இருந்தது சிரிப்பு. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, இரண்டும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு.

“ஆறு மாசமா!” என்றார். “பஸ் நிறுத்தத்துல ஒரு பெரியவர், ‘பெஞ்ச் என்னாச்சும்மா’ன்னு கேக்கறார். எந்த பெஞ்சுன்னு எனக்குத் தெரியல. சந்தையில பொம்பளைங்க, ‘தாழ்ப்பாள் போடறேன்னு சொன்னீங்களே’ங்கறாங்க. சிரிச்சுக்கிட்டே ‘பாக்கறேன்’னு வந்துட்டேன். வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிக்கறேன், யோசிக்கறேன், ஒண்ணும் வரல. எங்கக்காவுக்கு இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. மொதல்ல சொன்னது மறந்துச்சு. அப்புறம் வீடு மறந்துச்சு. கடைசியில நானே யாருன்னு...” நிறுத்தினார். “மூணு மாசமா டாக்டர்கிட்ட ரகசியமா போய்க்கிட்டு இருக்கேன். படம் எடுத்தாங்க, கேள்வி கேட்டாங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க. இந்த மாசக் கடைசியில பதவிய விட்டுடலாம்னு கடிதம்கூட எழுதி வெச்சிருக்கேன்.”

அண்ணன் அடித்து வைத்த கல் மாதிரி நின்றான். இரண்டு வருஷமாகத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துத் தான் மூடி வைத்தது எதை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

“யாரும் நாலாம் பக்கம் படிக்கலன்னு நெனச்சேன் மேடம்.”

“எல்லாரும் படிச்சிருக்காங்கடா மடையா! என்கிட்ட வந்து கேட்டிருக்காங்க! உன்கிட்ட யாரு கேப்பா? நீ பேசினா காது பொத்திக்கிட்டுல்ல ஓடறாங்க!”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கூரைத் தகடு இரண்டு இடத்தில் ஆணி கழன்றது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். தண்ணீரோடு திரும்பி வந்த தலைமையாசிரியர் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்து, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார்.

அளவுகோல் மட்டும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கையைத் தூக்கினாள்.

“அப்ப இந்த ஏழுக்கு என்ன கலர் மேடம்? நீங்க சொல்லல. ஆனா சனங்க உங்ககிட்டேர்ந்து கேட்டாங்க. சொன்னவங்களோடதா, கேட்டவங்களோடதா?”

மெம்பரம்மாவின் வலது கால் தரையை அழுத்தியது. பிறகு மெல்ல எடுத்தார்.

“கேட்டவங்களோடது,” என்றார். “என் படத்துக்குப் பின்னால வந்துச்சு. நம்பி ஓட்டுப் போட்டிருக்காங்க. அஞ்ச நான் ஏத்துக்கறேன். நாளைலேர்ந்து கணக்குல வெச்சுக்கோ. பெஞ்ச், தாழ்ப்பாள், லைப்ரரி, வேகத்தடை, மரக்கன்னு. மணிக்கூண்டும் படகும் மட்டும் என்னால ஆகாது. ஆகாதுன்னு சந்தையிலயே நின்னு சொல்றேன்.”

“அந்த ரெண்டுக்குப் புதுக் கலர் வேணும் மிஸ்,” என்றாள் அளவுகோல். “‘முடியாதுன்னு நேரா சொன்னாங்க’ அப்படின்னு.”

ஊதா என்று வகுப்பு முடிவு செய்தது. வாக்கெடுப்பில் ஒருவர் மட்டும் எதிர்த்தார். தலைமையாசிரியர்.

மெம்பரம்மா கிளம்பினார். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். அண்ணன் வாசலிலேயே நின்றான், கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவன் மாதிரி. டீச்சர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

“என்ன, ஆபீசுக்கு நடந்தே வர்றதா உத்தேசமா?”

“மேடம்?”

“ஏறு. நாளைக்கு டாக்டர் ரிசல்ட் சொல்றாராம். நீயும் வா. எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னா, உன் காத அங்கேயே திருகறேன். பக்கத்துலயே டாக்டர் இருப்பார், வசதி.”

அண்ணன் ஏறினான். கம்பியை விட்ட பிறகுதான் டீச்சருக்குத் தன் உள்ளங்கையில் துரு ஒட்டியிருப்பது தெரிந்தது. ஜன்னலோரமே நின்று, காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை ஒரு லாரி சக்கரத்தில் காற்று இறங்குவது போல விட்டாள்.

அந்த அமளியில், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அளவுகோல்கூட.

*

மாலை ஐந்தரைக்கு மூன்று பேரும் கீழ்வீட்டுக் கூடத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்குக் குரல் திரும்பிவிட்டது. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றான் அண்ணியிடம். “மேடம் உங்க டாக்டர்கிட்டதான் வந்தாங்களா?”

“நோயாளி விஷயம் வெளிய சொல்லக்கூடாதுங்க.”

“கட்டின புருஷன்கிட்டக்கூடவா?”

“உங்ககிட்டச் சொன்னா அது வெளிய சொன்னது இல்லையா? நாட்டுக்கே சொன்ன மாதிரி.” அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். “மூணு மாசம். அவங்க வந்து கையக் காட்டும்போதெல்லாம் பட்டையச் சுத்தினது நான்தான். மருந்து உங்க சட்டைப்பையில இருந்திருக்கு. பக்கத்துலயே படுத்துக்கிட்டு நீங்க ஒரு ரகசியம், நான் ஒரு ரகசியம். ரெண்டையும் ஒரு நாள் சேத்து வெச்சிருந்தா அந்தம்மா நிம்மதியாத் தூங்கியிருப்பாங்க.”

அண்ணன் பேசவில்லை. தெரு ஏமாந்துபோய்க் கலைந்தது. அண்ணி தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை அவன் தட்டில் வைத்தாள். அந்த வீட்டில் மன்னிப்பு என்றால் அதுதான் அளவு.

“டீச்சர் இருக்காங்களா?” என்று வாசலில் ஒரு குரல்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப்பையில் ஒரு கண்ணாடி. முகமெல்லாம் சிரிப்பு.

“ஒன்பதாவது பி முழுக்க மூணு தடவ கடைக்கு வந்துட்டுப் போயிடுச்சு. விஷயம் தெரிஞ்சுது,” என்றார். “ரெண்டு வருஷமா நான் சாப்பிட்டது தொண்டையில இறங்கல டீச்சர். அவ்வளவு நல்ல ஏழு யோசனை சொன்னேனே, ஒருத்தர்கூடச் சீண்டலியேன்னு. இப்பதானே தெரியுது, அது ஜெயிச்சிருக்கு! வேற வீட்டுல வளந்தாலும் என் புள்ளைங்கதானே!” டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “படகு விட்டுப்போச்சாமே. போகட்டும். எனக்கே அதுல கொஞ்சம் சந்தேகம்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். அப்புறம் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து டீச்சரின் மடியில் வைத்தார்.

“இது என் நோட்டீஸ். நானும் இன்னிக்குத்தான் நாலாம் பக்கம் திருப்பிப் பாத்தேன். என்னுது அங்க போனா, அவங்களுது எங்கயாவது வந்திருக்கணும் இல்ல? இதுல ஏழு இருக்கு. மெம்பரம்மா வாயால உண்மையாவே சொன்ன ஏழு. இத யாரும் சுவத்துல ஒட்டலியே?”

டீச்சர் காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரியைப் படித்தாள். இரண்டாம் வரியைப் படித்தாள். மூன்றாம் வரியில் அவளுடைய புருவம் தானாக உயர்ந்தது; மூன்றில் ஒன்றுகூட ஊரில் எங்கும் தொடங்கியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

“அண்ணா,” என்றாள். “இந்த ஏழப் பத்தி மேடம் கேக்கறப்பல்லாம் நீ என்ன பதில் சொன்ன?”

அண்ணன் டீயைக் குடித்தான். டம்ளர் காலி. காலி டம்ளரையே மறுபடியும் குடித்தான்.

“வேலை நடக்குதுன்னு,” என்றான். அது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை.